பிசிர்

உலோகத்தில் உளி ஓடினாலும் ஊசி ஓடினாலும் கோட்டின் இரு கரையிலும் கொஞ்சம் பிசிர் எழும்பி நிற்கும். பட்டறைக்காரன் அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுவான். பிசிர் இல்லாததுதான் அவனுக்கு முடிந்த வேலை. பிசிரை எடுக்காமல், அதை நம்பியே நடக்கிற வேலை என்று எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: டிரைபாயின்ட். செப்புத் தகட்டில் அமிலம் எதுவுமின்றி எஃகு ஊசியால் நேராகக் கீற வேண்டும். கீறலை விட, கீறல் ஒதுக்கித் தள்ளிய செம்பு முக்கியம். தகட்டில் மை தடவித் துடைக்கும்போது அந்தப் பிசிரடியில் மை தங்கிவிடுகிறது. ஈரத்தாளை வைத்து அழுத்தினால் கோடு கோடாக விழாது. ஓரம் கசிந்து, மயிர்க்கால் விட்டதுபோல விழும். ஒவ்வொரு அழுத்தத்திலும் பிசிர் மசிந்துகொண்டே போகும். பத்துப் பதினைந்து பிரதிக்கு மேல் நல்லதாக எதிர்பார்க்க முடியாது.

இதை நான் தெரிந்துகொண்டது என் வாய்க்கொழுப்பால். இது போன்ற ஒரு பத்திரிகையில், நம் நவீன ஓவியத்தில் பெண்ணுடல் இல்லை, பெண்ணுடலின் அலங்காரம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஒரு செப்புத் தகடும் கைப்பிடி போட்ட ஊசியும் அனுப்பிவைத்தார். “எழுதியதை ஒரு தடவை போட்டுப் பாரும்” என்று ஒரு வரி. பி.ஏ. ஆங்கில இலக்கியமும் பதினோரு வருஷ வங்கிக் குமாஸ்தா உத்தியோகமும் ஒருவனை இதற்குத் தயார்செய்துவிடாது. ஆனாலும் விமர்சகனுக்கு ரோஷம் உண்டு.

அச்சு இயந்திரத்துக்குச் சென்னை போக வேண்டும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் பட்டறை இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் ஆர்.பி. பாஸ்கரன் போன்றவர்கள் செதுக்கச்சில் செய்த வேலை இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் பிறந்த கிருஷ்ண ரெட்டி பாரிஸில் ஹேய்ட்டரின் பட்டறைக்குப் போய் உலகத்துக்கே புது அச்சுமுறை காட்டியவர். இந்தப் பெயர்களெல்லாம் கள்ளக்குறிச்சியில் எனக்கு உதவவில்லை. உதவியவர் எங்கள் கிளைக்கு நகை மதிப்பிட வரும் பத்தர். அவர் பட்டறையில் தங்கத்தைத் தகடாக உருட்டும் கைமெஷின் உண்டு. இரண்டு எஃகு உருளை, மேலே திருகு, பக்கத்தில் கைப்பிடி. ரெம்பிராண்டின் அச்சு இயந்திரமும் தத்துவத்தில் இதுதான். உருளையின் அகலம் நாலங்குலம். ஆகவே என் கலையின் அகலமும் அவ்வளவே.

பார்த்துப் போட நான் எடுத்துக்கொண்டது ரெம்பிராண்டின் ‘பத்சேபாள்’. 1654இல் வரைந்தது, லூவரில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்ச் சதுரம். குளித்து முடித்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் ஒரு கிழவி அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவள் கையில் ஒரு கடிதம். ராஜா தாவீது கூப்பிட்டனுப்பியிருக்கிறான். அவளுக்குப் புருஷன் உண்டு, அவன் போர்முனையில். ரூபென்ஸ் போன்ற பரோக் ஓவியர்களிடம் சதை கொண்டாட்டம். வெளிச்சம் அதன்மேல் விழுந்து புரளும். இங்கேயும் வெளிச்சம் விழுகிறது. ஆனால் அவள் அதைக் கவனிக்கவில்லை. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டாள், பதில் என்ன என்பது அவள் கையில் இல்லை. அந்த நேரம் அது. தாவீது படத்தில் இல்லை. அவன் நிற்கவேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

வேதாகமத்தில் பத்சேபாளுக்குக் கடிதம் வந்ததாக இல்லை, ஆள்தான் போகிறது. அந்தக் கதையில் வரும் கடிதம் வேறு. அவள் புருஷன் உரியாவைச் சாகவிடச் சொல்லி யோவாபுக்கு எழுதி, உரியாவின் கையிலேயே தாவீது கொடுத்தனுப்புவது. ஓவியர்கள் அதை எடுத்து இவள் கையில் வைத்துவிட்டார்கள். மாடலாக இருந்தவள் ரெம்பிராண்டோடு வாழ்ந்த ஹெண்ட்ரிக்கே ஸ்டோபல்ஸ் என்று பலரும் கருதுகிறார்கள். அதே 1654இல் அவளுக்கும் ஒரு ஓலை வந்தது. கல்யாணமாகாமல் ஓவியனோடு வாழ்கிறாள் என்று திருச்சபை மன்றம் விசாரணைக்கு அழைத்தது. அப்போது அவள் கர்ப்பிணி. நற்கருணையிலிருந்து அவளை விலக்கினார்கள். ரெம்பிராண்டை யாரும் அழைக்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்தவன்தான். கடிதம் என்ன செய்யும் என்பதைப் பார்த்தது கல்வராயன் மலையில்.

எங்கள் கிளையிலிருந்து நகைக்கடன் பாக்கிக்காக மலைக்குப் போகவேண்டியிருந்தது. கள அலுவலருக்குத் துணையாக நான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமாகப் போய், மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் அப்பால் ஒரு சிற்றூர். மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கமும் வங்கியும் ஏறின. சாமையும் மரவள்ளியும் போட்ட சரிவு. வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் தேடிப்போன அம்மாளுக்கு நாற்பதுக்குள் இருக்கும். புருஷன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில். தபாலில் போன ஏல அறிவிப்பை அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துவந்தாள். யாரும் படித்துச் சொல்லவில்லை. நான் படித்தேன். குறிப்பிட்ட தேதிக்குள் அசலும் வட்டியும் செலுத்தத் தவறினால் நகைகள் பகிரங்க ஏலத்தில் என்று போகும் அந்த வாசகத்தை நானே நூறு தடவை அடித்திருக்கிறேன். உரக்கப் படித்தது அன்றுதான். கேட்டுவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“இதுல எம் பேரு எங்க இருக்கு சார்?”

விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை சற்றுச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று உடனே தோன்றியது. எங்கே என்பது பஸ்ஸில் இறங்கும்போது புரிந்தது. பத்சேபாளின் தலை முதலில் நிமிர்ந்திருந்தது, பிறகுதான் ரெம்பிராண்ட் அதைத் தாழ்த்தினார் என்று எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது.

கம்மல் ஒரு ஜோடி, மூக்குத்தி ஒன்று, ஐந்தேகால் கிராம். ஏலம் நடந்தது. எடை போட்டவர் பத்தர். பதிவேட்டில் எழுதியவன் நான்.

அந்த வாரமே முதல் தகட்டில் வேலை தொடங்கினேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. பத்சேபாளின் உடம்பை எடுத்துக்கொண்டேன். தலைக்கு அந்த அம்மாளின் சாய்வு. கையில் எங்கள் அறிவிப்பு. பெரிய விஷயம் செய்கிறேன் என்று எண்ணம். பதினேழாம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமையும் கல்வராயன் மலையையும் மூன்றரை அங்குலச் செம்பில் இணைக்கிறேன் என்று மனதுக்குள் கட்டுரைகூட ஓடியது. முதல் பிரதியை மனைவியிடம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். “மொகம் ஒருத்தரது, ஒடம்பு ஒருத்தரது. இந்த அம்மாவக் கேட்டீங்களா?”

கலையில் அப்படியெல்லாம் கேட்பதில்லை என்று ஏதோ சொன்னேன்.

“நகையத்தான் எடுத்தாச்சு. துணியையும் எடுக்கணுமா?”

நான் பேசவில்லை. அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். “இது பொடவ கட்டற பொம்பளையே இல்லீங்க. நாடாத் தழும்பு எங்க?”

தமிழில் பெண்ணுடல் குறித்து மூன்று கட்டுரை எழுதியவன் நான். உள்பாவாடை நாடா இறுகி இறுகி இடுப்பைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கும் அந்தத் தடம் ஒரு வரியிலும் வந்ததில்லை. எட்டு வருஷமாகப் பக்கத்தில் இருப்பது. என் அம்மாவுக்கு இருந்தது, அந்த இடம் புண்ணாகித் தேங்காயெண்ணெய் தடவியது நினைவிருக்கிறது. நம் கோயில் சிற்பங்களில் இது கிடையாது. அங்கே இடுப்பில் மேகலை உண்டு. மேகலை அழுத்திய தடம் இல்லை. எங்கள் ஊர் மரச்சிற்பிகள் வாகையிலும் தேக்கிலும் செதுக்கும் அம்மன்களுக்கும் இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வேலை அத்தனை சுத்தம். தெய்வ உடம்பில் துணி தழும்பு போடாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு உடம்பு. அதைக் காட்டி நம்மிடம் நிர்வாணம் ஏற்கெனவே உண்டு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது என்கிறேன்.

கென்னத் கிளார்க் 1956இல் வந்த தம் புத்தகத்தில் ஆங்கிலத்தின் இரண்டு சொற்களைப் பிரித்துக்காட்டினார்: துணி இழந்து கூசி நிற்கும் உடம்பு ஒன்று, கலை சமைத்த உடம்பு இன்னொன்று. நமக்கும் இரண்டு சொற்கள். நிர்வாணம் என்றால் புத்தர்வரைக்கும் போகலாம், கௌரவம் உண்டு. அம்மணம் என்றால் தெருவில் நிற்கிறோம். ரெம்பிராண்ட் அம்மணத்தின் பக்கம் போனவர் என்பதுதான் அவர்மேல் இருந்த புகார். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1681இல், ஆந்திரீஸ் பெல்ஸ் என்ற கவிஞர் இதைச் செய்யுளிலேயே எழுதினார்: கிரேக்க வீனஸ் இருக்க வண்ணாத்தியை மாடலாக வைத்தார், வயிற்றில் கச்சை நாடா பதிந்த தடமும் காலில் காலுறைப் பட்டியின் தடமும் உட்பட வரைந்தார், இயற்கை என்று பெயர் சொன்னார் என்பது சாரம். பெல்ஸ் குறை என்று எழுதியதைத்தான் என் மனைவி இல்லை என்று குறை சொன்னாள். கல்லூரியில் பெல்ஸைப் படிக்காமலே அவளுக்கு ரெம்பிராண்ட் புரிந்திருந்தது.

முதல் தகட்டைச் சுரண்டினேன். டிரைபாயின்ட்டில் அழிப்பது சுலபமில்லை. பிசிரைச் சீவி, மேலே மழுக்கித் தேய்த்தாலும் கோட்டின் ஆவி நிற்கும். அச்செடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் அந்தத் தலை சாய்ந்தபடியே இருந்தது.

இரண்டாவது தகடு அவள் சம்மதித்துச் செய்தது. நான் கேட்கவில்லை. ஒரு மாதம் போல ஆகியிருக்கும், அவளாகத்தான் சொன்னாள். நிபந்தனைகள் இருந்தன: முகம் கூடாது, பின்புறமிருந்து, மகள் பாட்டி வீட்டில் இருக்கும் நாளில், பத்திரிகையில் போடக்கூடாது. ஒரு மணி நேரம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், வியர்க்கிறது என்று மறுத்துவிட்டாள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மகளின் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தாவீதின் இடத்தில் நான்தான் இருந்தேன், அதை எந்தக் கோணத்திலும் மறைக்க முடியாது. வேறு என்னவென்றால், இங்கே கேட்கவும் எழுந்து போகவும் அவளுக்கு முடியும். போகவும் செய்தாள், இரண்டு தடவை, குக்கருக்காக.

முதுகுக்கு மெல்லிய கீறல்கள் போதும். நாடாத் தழும்புக்கு ஊசியைச் சாய்த்துப் பிடித்தேன். சாய்த்தால் பிசிர் ஒரு பக்கமாகப் பெரிதாக எழும்பும், மை அதிகம் பிடிக்கும். செம்பு சுருண்டு எழும்புவது விரலில் உறுத்தியது. கோடு நேராக வரவில்லை. தடமும் நேராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தர் பட்டறையில் அச்செடுத்தோம். அச்சகத்து மையில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். மஸ்லினால் துடைத்துக் கடைசியில் உள்ளங்கையால் ஒரு இழுப்பு. நனைத்து ஒற்றிய தாள். மேலே பழைய கம்பளித் துண்டு. பத்தர் கைப்பிடியைச் சுற்றினார். தாளைப் பிரித்துப் பார்த்தேன். முதுகு வெளிறியிருந்தது, இடுப்பில் கறுப்பு மட்டும் வெல்வெட் மாதிரி நின்றது. பத்தர் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

“அழுத்தம் பத்தல சார்,” என்று திருகை இன்னும் கால் சுற்று இறக்கினார்.

பதினோரு பிரதி எடுத்தோம். மூன்றாவது நன்றாக இருந்தது. ஏழாவதில் கறுப்பு இளைத்துவிட்டது. பதினொன்றாவதில் தழும்பு வெறும் மயிரிழை, யாருடைய முதுகாகவும் இருக்கலாம். மூன்றாவதை மனைவி எடுத்துத் தன் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மற்றவை என்னிடம். இதழாசிரியர் அட்டைக்குக் கேட்டார். இல்லை என்று எழுதிவிட்டேன். வாசகர்களுக்கு இந்தக் கட்டுரைதான். இதை அவள் படித்தாள், ஒரு வாக்கியத்தை அடித்தாள், அது இங்கே இல்லை.

1656இல் ரெம்பிராண்ட் திவாலானார். அவர் வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளையும் ஒரு குமாஸ்தா எழுதி வைத்தான்: படம், பாத்திரம், நாற்காலி. அந்தப் பட்டியலால்தான் அவர் என்னென்ன வைத்திருந்தார் என்று இன்று தெரிகிறது. அந்தக் குமாஸ்தாவைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். கடைசியில் எனக்குப் பரிச்சயமான ஆள் அந்தக் கதையில் அவன்தான். ஐந்தேகால் கிராம் என்று நான் எழுதிய வரி எங்கள் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை மலைக்குப் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. கேரளத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

முதல் தகட்டைப் பத்தரிடம் கொண்டுபோய் வெட்டித் தரச் சொன்னேன். கத்திரியால் நாலாக வெட்டினார். பழக்கதோஷம், துண்டுகளைத் தராசில் போட்டு, முள் நிற்கும்வரை பார்த்துவிட்டு எனக்கு எடையைச் சொன்னார்.