பெயர் ஏற்றுவதும் அமானிதம்தான்



நமது மஹல்லாவின் 1200 குடும்ப விபரங்களையும் பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேலையை உயர்தர ஐ.சி.டி. மாணவர்கள் சிலர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். எக்செலில் தட்டச்சு முடிந்தது. இனி தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். வேறு ஊர்களிலும் இந்த வேலை நடப்பதால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வகுப்பில் முதலில் படிப்பிப்பது, ஒரு நிரைக்கு ஒரு 'இன்சர்ட்' கட்டளை. பிள்ளைகளும் அப்படியே 1200 கட்டளைகள் தயாரித்தார்கள். பிழையில்லை. ஆனால் மைஎஸ்கியூஎல் வழமையாக ஒவ்வொரு கட்டளையையும் தனி ட்ரான்சாக்சனாக எடுத்து, வன்தட்டில் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போகும். களஞ்சிய அறையிலிருந்து நாற்பது புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது மாதிரி. புத்தகம் பாரமில்லை, நடைதான் பாரம்.

அதனால் 'வேல்யூஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தை அடைப்புக்குறிக்குள் எழுதி, காற்புள்ளி போட்டு அடுத்த குடும்பத்தை எழுதச் சொன்னேன். கட்டளைக்கு 200 குடும்பம். மொத்தம் ஆறே கட்டளைகள். எல்லாவற்றையும் ஒன்றிலேயே திணிக்கத் தேவையில்லை. கட்டளையின் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. முதல் கட்டளைக்கு முன் 'ஸ்டார்ட் ட்ரான்சாக்சன்', ஆறாவதற்குப் பின் 'கொமிட்'.

வேகம் மட்டுமல்ல விஷயம். ஒவ்வொன்றாக ஏற்றும்போது 700ஆவது பெயரில் கரன்ட் போனால்? எது ஏறியது, எது ஏறவில்லை என்று தேட வேண்டும். தேடாமல் மறுபடி ஓட்டினால் பலர் இரண்டு தரம் பதிவாவார்கள். ட்ரான்சாக்சனுக்குள் என்றால், கொமிட்டுக்கு முன் நின்றால் ஒரு பெயரும் ஏறியிருக்காது. நிம்மதியாக முதலிலிருந்து தொடங்கலாம். ஏறினால் எல்லோரும், இல்லாவிட்டால் ஒருவருமில்லை.

வெள்ளம் வந்தால் நிவாரணப் பொதி இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரிபடும். சத்தம் போடத் தெரிந்தவர் பெயர் விடுபட்டால் வந்து கேட்பார். வாய் திறந்து கேட்காத விதவைத் தாயின் பெயர் விடுபட்டால் யாருக்கும் தெரியவராது.

இன்னும் இரண்டு விஷயம். குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்துக்கு 'யுனீக்' போடுங்கள். ஒரே இலக்கம் இரண்டு தரம் ஏறாது. கொமிட் பண்ண முன் 'கவுன்ட்' போட்டு, பதிவேட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு வீடு குறைந்தாலும் 'ரோல்பேக்' பண்ணிவிட்டுத் தேடுங்கள்.

விலாசம் மாறியவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டாரின் பெயர் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.