கிருமி பெருகும் விதம்: வெள்ளவத்தைக் குறிப்புகள்

தொடர்மாடிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வந்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் டோர்ச் அடிக்கிறார். ஒரு விரற்கடைத் தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கும் குடம்பிகள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகின்றன. “கிழமைக்கொருக்காக் கழுவுறனாங்கள், சேர்” என்கிறார் வீட்டுக்கார அம்மா. நுளம்பு பெருகுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. அதற்குள் இருக்கும் கிருமி எப்படிப் பெருகுகிறது என்று கேட்பாரில்லை.

•

டெங்கு வைரசில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, தன்னைத்தானே படியெடுக்கும். அதன் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்து. எழுதியதைச் சரிபார்க்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. பிழைதான் அதன் மாற்றத்துக்கு மூலதனம். ஆனால் மனிதரிலும் நுளம்பிலும் மாறிமாறி வாழவேண்டியிருப்பதால் பிழைபட்ட படிகளில் பெரும்பாலானவை தேறுவதில்லை. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. முந்திய ஆண்டுகளில் வைரசின் முதலாம் வகை மேலோங்கியிருந்தது. அந்த வருடம் இரண்டாம் வகை. பழைய காய்ச்சல் தந்த பாதுகாப்பு புதியதற்கு உதவவில்லை.

•

மலேரியா வேறு சாதி. மனித இரத்தத்தில் அது வெறுமனே பிளந்து பிளந்து பெருகும். கலியாணம் நடக்கும் மண்டபம் நுளம்பின் வயிறு. குடித்த இரத்தம் ஆறியதும், கால்மணி நேரத்துக்குள், ஆண் கலம் வெடித்து எட்டு வால்கள் சவுக்குப்போலத் துடித்துப் பிரியும். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நுணுக்குக்காட்டியில் கண்டது இந்தத் துடிப்பைத்தான். வால் ஒன்று பெண் கலத்துள் நுழைந்தால் இரு பெற்றோரின் மரபணுக்கள் கலைந்து சேரும்.

•

கலப்பு எப்போதும் கிருமிக்கு லாபமா? இல்லை. ஆபிரிக்காவில் ஒரே ஆளின் இரத்தத்தில் பல மலேரியா வம்சங்கள் இருக்கும். மருந்தை வெல்லப் பல மரபணுக்கள் சேர்ந்திருக்க வேண்டுமென்றால், கலப்பு அந்தக் கூட்டணியைக் குலைத்துவிடும். நோய் குறைந்த இடத்தில் ஒரே வம்சத்து ஆணும் பெண்ணுமே சேர்வதால் கூட்டணி குலையாது. குளோரோகுயின் எதிர்ப்பும் பின்னர் ஆர்ட்டிமிசினின் எதிர்ப்பும் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் தலைகாட்டியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

•

லீஷ்மேனியா இன்னோர் ஒட்டுண்ணி: மணல் ஈ கடித்து, வலியில்லாமல், மாதக்கணக்கில் ஆறாத புண். 1903இல் மெட்ராஸில் மருத்துவர் டொனவன் கண்ட அதே இனம். இந்தியாவில் மண்ணீரலைத் தாக்குவது, இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. கொழும்பு மருத்துவ பீடத்தில் நதீரா கருணாவீர பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார். இந்த இனம் படியெடுத்தே பெருகுவது என்று நெடுங்காலம் நம்பினார்கள். இலங்கைப் புண்களிலிருந்து எடுத்த சில மாதிரிகளின் மரபணுத் தொகுதியை வாசித்தபோது, வேறிரண்டு லீஷ்மேனியா இனங்களோடு அது கலந்திருந்தது தெரிந்தது. அபூர்வமாகக் கூடினாலும் போதும், தடயம் தங்கிவிடுகிறது.

•

மீண்டும் மலேரியாவுக்கு வருவோம். இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012 ஒக்டோபருடன் ஓய்ந்தது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது: நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் மலேரியா நுளம்பு. மலேரியாவில் ஒரு வம்சத்து ஒட்டுண்ணியே ஆணையும் பெண்ணையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். துணை தேடி இன்னொரு நோயாளியிடம் போக வேண்டியதில்லை. ஆகவே இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தவரோ, ஆபிரிக்காவில் வியாபாரம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியவரோ காய்ச்சலோடு படுத்தால், டெங்குப் பரிசோதனையோடு நிறுத்தக்கூடாது. எங்கே போய் வந்தோம் என்று டொக்டரிடம் சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும்.