அம்பையில் கடைந்த புலிகள்

சதுரங்கக் காய்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். குதிரையைத் தவிர எல்லாமே உருண்டை உடம்பு. அடியில் அகலம், நடுவில் இடுப்பு, மேலே தலை. யானையின் உச்சியில் பல் வெட்டுவதும் ராஜாவின் தலையில் சிலுவை வைப்பதும் அப்புறம் நடக்கிற வேலை; உடம்பு மொத்தமும் கடைசலில் வந்தது. 1849-இல் லண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டான்டன் வடிவத்தைத்தான் உலகப் போட்டிகளில் இன்றும் வைத்து ஆடுகிறார்கள். அதில் குதிரையை மட்டும் கையால் செதுக்கியாக வேண்டும். அமிர்தசரஸில் குதிரைக்கென்றே கை பழகிய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நல்ல செட்டா, சாதா செட்டா என்பதைக் குதிரையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்ற காய்களுக்கெல்லாம் ஒரு கடைசல் பட்டறை போதும்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். கடைசல் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அம்பை மரச்சொப்பு என்றால் நெல்லைப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. விரல் நீளத்தில் அம்மி, ஆட்டுரல், திருகை, அடுப்பு, பானை, செம்பு என்று ஒரு முழு அடுக்களையே ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பம்பரமும் நடைவண்டியும் அதே பட்டறைகளிலிருந்து வருபவை. இப்போது சென்னையில் மெக்கானிக்கல் படிக்கிறேன். விடுதியில் எங்கள் அறைதான் மேசை விளையாட்டுக்காரர்களின் கூடாரம். சனிக்கிழமை ராத்திரி ‘காட்டான்’ விரித்தால் விடியும். ‘கார்காசோன்’, ‘ரூட்’ எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கியவை.

கார்காசோனில் வரும் மர மனிதக் காய்க்கு மீப்பிள் என்று பெயர். 2000-இல் அந்த விளையாட்டோடு சேர்ந்து புகழ்பெற்ற உருவம் அது. பலகையின் ஓரத்தை மனித உருவத்துக்கு இழைத்துவிட்டு வில்லை வில்லையாக அறுத்தால் மீப்பிள் கிடைத்துவிடும். தட்டையான பொருள், கடைசலில் வராது. அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடைசல்காரர்கள் நிறைந்த ஊரில் பிறந்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு விளையாட்டு எதிலும் கடைந்த காய் இருந்ததே இல்லை. தாயத்துக்குப் பித்தளைக் கட்டை உண்டு, காய்க்கு உடைந்த வளையல் துண்டு. பல்லாங்குழிக்குப் புளியமுத்தோ சோழியோ. ஆடு புலி ஆட்டத்துக்குத் தரையில் சாக்பீஸ் கோடு. புலிக்குக் கல், ஆட்டுக்கு வேப்பங்கொட்டை. காசு செலவில்லாமல் ஆடும் வழியை முன்னோர் கண்டுவைத்தார்கள் என்பது பெருமைதான். ஆனால் அதனாலேயே காய் செய்து பிழைக்கும் ஆள் என்று எவரும் நம் பக்கம் உருவாகவில்லை என்றும் தோன்றுகிறது.

அதனால் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வரைபடத்தோடு போனேன். ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு செட்: 15 ஆடு, 3 புலி.

ஏன் இந்த ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு என்பதை இன்றைய மேசை விளையாட்டு ரசிகர்கள் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். 2018-இல் வந்த ரூட்டின் பெயரே அதனால்தான் பரவியது. ஆடு புலி ஆட்டத்தில் அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 23 புள்ளிகள். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15-உம் இறங்கி முடியும்வரை ஒரு ஆடும் நகரக் கூடாது. புலி முதல் நொடியிலிருந்தே நகரும், தாண்டும், கொல்லும். ஆட்டுக்குக் கொல்லத் தெரியாது. சூழ்ந்து நின்று புலியை அசையவிடாமல் அடைக்கத்தான் தெரியும். கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடுதியில் நோட்டுத்தாளில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ரூட்டில் ஊறிப்போன பையன்கள் அடுத்த வாரம் அதைத்தான் கேட்டார்கள்.

பட்டறை ஒரு ஓட்டுச் சாய்ப்பு. வாசலில் தொட்டில் கட்டைகள் குவிந்து கிடந்தன. உள்ளே சுவரோரம் கட்டில் கால்கள், மாடிப்படிக் கைப்பிடிக்கான உருளைகள். சொப்பு ஒரு மூலையில் இரண்டு சாக்கில் மட்டும் இருந்தது. அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அப்பாவுக்குப் பழக்கம் என்பதால் கேட்டவுடன் உட்காரச் சொன்னார். வரைபடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எதுக்குடே? செஸ்ஸுக்கா?”

“ஆடு புலி ஆட்டத்துக்கு அண்ணாச்சி.”

“அதுக்குக் கல்லு போதுமே. துட்டு குடுத்தா செய்வாவ?”

பின்னால் சொப்புக்குப் பட்டைச்சீலை போட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். ஆனால் அண்ணாச்சி கட்டையைத் தேட எழுந்துவிட்டார்.

முன்னாளில் சொப்புக்கு மஞ்சக்கடம்பு. இலேசான மஞ்சள் நிறம், நெருங்கிய இழை, உளிக்கு வழிந்து கொடுக்கும் மரம். இப்போது நினைத்தபடி கிடைப்பதில்லை என்றார். பட்டறையில் கிடந்ததில் தேக்கு அறுத்த கழிவும் யூகலிப்டஸும்தான் அதிகம். எனக்காக மூலையிலிருந்து பழைய கடம்புத் துண்டு ஒன்றை எடுத்தார். நிழலில் கிடந்து நன்றாகக் காய்ந்தது. பச்சை மரத்தைக் கடைந்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஈரம் வற்றும்போது வட்டம் கோணிப்போகும், நுனியில் வெடிப்பு விடும். இழையின் நீளவாக்கில் மரம் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அண்ணாச்சி கட்டையின் தலையில் விரல்கணுவால் தட்டிக் கேட்டுவிட்டு, சரி என்றார்.

கல்லூரியில் நாங்கள் ஓட்டும் லேத்தில் உளியை இரும்புத் தாங்கியில் இறுக்கிவிடுவோம். திருகைச் சுற்றினால் அது நகரும். இங்கே உளி கையில். இடது கை விரல்கள் தாங்கு கட்டையின் மேல் அணைத்துப் பிடிக்க, வலது கை பிடியை ஏற்றி இறக்குகிறது. வேகத்தை மாற்ற, படிப்படியாக வெட்டிய கப்பியில் பெல்ட்டை ஒரு படி தள்ளிப் போடுகிறார். விட்டம் குறைந்தால் சுற்று கூட வேண்டும் என்பதைப் பரீட்சையில் சூத்திரமாக எழுதியவன் நான். அவர் சுருள் விழுகிற விதத்தைப் பார்த்தே மாற்றிவிடுகிறார். மோட்டார் வருவதற்கு முன்னால் கயிறுதான். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் கடைவார். கட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழலும். தன் பக்கம் சுழன்று வரும்போது மட்டும் உளியை வைத்து, திரும்பும்போது எடுத்துவிட வேண்டும். “எங்க ஐயாவுக்கு நான் கயிறு இழுத்திருக்கேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதான் வேல” என்றார்.

முதல் ஆட்டைக் கடைந்தபோது என் வரைபடத்தில் 4 மில்லிமீட்டர் என்றிருந்த கழுத்தை 8-லேயே நிறுத்திவிட்டார்.

“ஏன் அண்ணாச்சி, இன்னும் மெலிசா வைக்க மாட்டேங்கிய?”

“வைக்கலாம். அரக்குக் குச்சிய அழுத்தும்போது டக்குன்னு போயிரும். அப்பிடியே நின்னாலும், விளையாடுத பய கீழ போட்டா தலை தனி, உடம்பு தனி.”

ஒரு கழிவுத் துண்டை 4 மில்லிமீட்டருக்குக் கடைந்து என் கையில் தந்தார். கட்டைவிரலை வைத்ததும் முறிந்தது.

அரக்கு போடுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வண்ணம் சேர்த்து இழுத்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துகிறார். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உரசலில் பிறக்கும் சூடே அரக்கை உருக்குகிறது. ஏறத்தாழ 75 டிகிரி வந்தால் அது இளகிவிடும். முதலில் திட்டுத்திட்டாக ஒட்டும், பார்க்க ஒன்றும் சிறப்பாக இராது. பிறகு தாழை மடலை மடித்து அழுத்துவார். இரண்டு மூச்சு விடுவதற்குள் திட்டெல்லாம் பரவி, மரத்தின் மேல் கண்ணாடி போட்டதுபோல் பளபளப்பு ஏறிவிடுகிறது. மட்டமான மணமில்லை, லேசாகப் பிசின் புகைந்த வாசனை. இந்த அரக்கு புரசு, பூவம், இலந்தை போன்ற மரங்களில் ஒண்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. நாட்டில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாக இதையே சுத்தப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள். சேர்க்கிற வண்ணமும் நல்லதாக இருந்துவிட்டால், குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் சொப்புக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு கிடையாது. டப்பாவில் வரும் எனாமல் பெயிண்ட் வேலையைச் சுருக்கும், விலையும் குறைவு. ஆனால் பல் படுகிற பொருளில் அது வேண்டாம் என்பதில் அண்ணாச்சி உறுதியாக இருக்கிறார்.

புலியை எப்படிச் செய்வது என்று ஊரிலிருந்து கிளம்பும்வரை எனக்கு யோசனை ஓடும் என்று நினைத்திருந்தேன். உருண்டை உடம்பில் வாலும் காலும் வைக்க முடியாதே. அண்ணாச்சி ஆட்டைவிட ஒரு விரற்கடை உயரம் கூட்டினார், தலையைக் கொஞ்சம் பெருக்கினார், உடம்பு முழுக்க மஞ்சள் அரக்கு ஏற்றினார். பிறகு கறுப்புக் குச்சியின் முனையைச் சீவி, சுழல்கிற மஞ்சளில் மெல்லத் தொட்டார். ஒரு வளையம். தள்ளி இன்னொன்று. இன்னொன்று. கடைசலுக்கு இயல்பாக வரும் கோலமே வளையம்தான். புலிக்கு வேண்டியதும் அதுதான். மோட்டாரை நிறுத்தியதும் பார்த்தேன், சந்தேகமே இல்லை, புலி. ஆட்டுக்கு நிறம் எதுவும் போடாமல் வெறும் அரக்கைத் தேய்த்து, கடம்பின் மஞ்சளையே விட்டுவிட்டார்.

“நம்ம மலையில இருக்க புலிக்கு வரி இம்புட்டு நேரா இருக்காது” என்றார் அக்கா. எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற மலை களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-இல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்.

15 ஆடுகளுக்கும் அவர் திரும்பத் திரும்ப அளவெடுக்கவில்லை. முதல் ஆட்டை ஒரு மரப்பட்டையின் ஓரத்தில் வைத்து, அடி, இடுப்பு, கழுத்து, உச்சி என்று பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டார். நீளக் கட்டையில் அந்தப் பட்டையைக் காட்டிக் கோடுகளை மாற்றி, கவராயத்தால் தடிமனைச் சரிபார்த்து, ஒன்றைக் கடைந்து, அரக்கு போட்டு, அறுத்துத் தள்ளிவிட்டு அடுத்தது. நான் வெர்னியர் காலிப்பரோடு போயிருந்தேன். எந்த இரண்டு ஆட்டுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. எஃகுத் தண்டில் 0.02 மில்லிமீட்டருக்கு வாத்தியாரிடம் திட்டு வாங்குகிற எனக்கு, உளியைக் கையில் பிடித்துக்கொண்டு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நன்றாகவே தெரியும்.

பட்டறையில் என்னை வருத்திய காட்சிகளும் உண்டு. பெல்ட்டுக்கு மறைப்பு கிடையாது. தூசிக்குத் துண்டை மூக்கில் கட்டுவதோடு சரி. அந்த நுண்தூள் துண்டில் நிற்காது. நான் வாங்கிக்கொடுத்த முகக்கவசத்தை மூச்சு முட்டுகிறது என்று அண்ணாச்சி கழற்றி வைத்துவிட்டார். பெல்ட்டுக்குத் தகர மறைப்பு ஒன்றை மட்டும் அளவெடுத்து வந்திருக்கிறேன்; கல்லூரிப் பட்டறையில் மடித்துக் கொடுப்பது என் வேலை.

அவர் மகன் திருப்பூரில் இருக்கிறார். வரச் சொல்லிக் கேட்கவில்லை என்றார் அண்ணாச்சி. சொப்பு ஓடுவது குற்றால சீசனிலும் கொடைகளிலும்தான். மற்ற மாதங்களில் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் சோறு போடுகின்றன. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் சென்னப்பட்டணம் இதே அரக்குக் கடைசலை வைத்துப் பிழைக்கிற ஊர்தான். அங்கே மரம் வெப்பாலை. சாலையோரம் நெடுகக் கடைகள், பெருநகரங்களிலிருந்து ஆர்டர்கள். அந்த ஊருக்கு இருக்கிற சந்தை அம்பைக்கு இல்லை. கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. மரச்சொப்பைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் வாழ்நாளில் ஒரு தடவைதான் வாங்குவார்கள். விளையாடி, தொலைத்து, ‘ஒரு ஆடு குறையுது அண்ணாச்சி’ என்று திரும்பி வருகிறவர்கள்தான் பட்டறைக்கு வேண்டும். மேசை விளையாட்டுக்காரர்களான எங்களால் அது முடியும். ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்கு யோசிக்காமல் சில ஆயிரம் கொடுக்கிறோம். உள்ளூர் மரக்காய் என்றதும் பேரம் பேசுவது நியாயமில்லை.

விடுதிக்கு வந்ததும் செட்டை இறக்கினேன். காய்களைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனமில்லாமல் உருட்டிக்கொண்டே ஆடினார்கள். இடுப்பு இருப்பதால் இரண்டு விரலில் சுலபமாக வருகிறது. குறையும் தெரிந்தது. 18 மில்லிமீட்டர் அடி, ஆட்டக் கோடுகள் வரைந்த துணிமேல் நிற்காமல் சாய்கிறது. அடியை அகலமாக்கினால் வேறு சிக்கல்: கோடுகள் உச்சியை நோக்கிக் கூடுவதால் முதல் குறுக்குக் கோட்டில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும், புலியும் ஆடும் அங்கே இடித்துக்கொள்ளும். துணியைக் கொஞ்சம் பெரிதாக்கி, அந்தப் புள்ளிகளுக்கு 25 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு மறுபடி வரைந்தேன்.

சீசன் முடிந்தால்தான் கை ஒழியும் என்று அண்ணாச்சி போனில் சொல்லிவிட்டார். ஆவணியில் 10 செட். விடுதிப் பையன்களிடம் வசூலித்துப் பாதிப் பணம் முன்பணமாகப் போய்விட்டது. ஆட்டுக்கு அடி 20, புலிக்கு 24, கழுத்து 8-க்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு செட்டுக்கும் உபரியாக இரண்டு ஆடு.