வேர் தேடிய வழி

பாலக்காட்டிற்கு வருவோர் காணத்தக்க இடங்களுள் கல்பாத்தி முதன்மையானது. இருமருங்கும் ஒட்டி நிற்கும் வீடுகளும், தேரோடும் வீதியும், ஆற்றங்கரையில் விசுவநாதசுவாமி ஆலயமும் தஞ்சைத் தரணியின் துண்டொன்றை மலையாள மண்ணில் பதித்தாற்போலத் தோன்றும். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது இவ்வூர்ப் பழமொழி. ஆலயத்தின் தோற்றம் 1425ஆம் ஆண்டினது என்பர். மாயூரத்தைப் போலவே இங்கும் ஐப்பசியில் திருவிழா நடப்பது, இக்குடிகள் காவிரிக் கரையை மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

இவர்கள் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவர். பெயரின் முன் ஊரையும் தந்தையையும் எழுத்தாகச் சேர்ப்பர். ஆகவே, ஒருவரது கையொப்பமே பாதி வமிசாவளி எனலாம். எஞ்சிய பாதியை வீட்டுப் பத்திரமும் கோத்திரமும் சொல்லிவிடும்.

மலையேறிய தமிழர் நிலையோ வேறு. அதனை நேரிற் காணும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. எம் உறவினரான சில குடும்பத்தார் மூணாற்றில் கூடி, அவரவர் வமிசாவளிகளை ஒப்புநோக்க எண்ணி எமக்கும் அழைப்பு விடுத்தனர். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை வரை இரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் சின்னாறு, மறையூர் கடந்து மலையேறினோம். மறையூரில் சந்தன மரங்களும், முனியறை எனப்படும் பழங்காலக் கற்பதுக்கைகளும் உள. பெயர் எழுதி வைக்காத முன்னோரின் நினைவு அக்கற்களில் நிற்கிறது.

1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்ற காடே பின்னர்த் தேயிலைத் தோட்டமாயிற்று. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். 1908ஆம் ஆண்டு முதல் ஓடிய சிற்றிரயில் 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அழிந்தது. இன்றும் இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதை இல்லை. ஆயினும் அன்று வந்தவரின் வழித்தோன்றல்கள் இங்கேயே உளர். லயத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பணியாற்றாவிடில், அதனை விட்டு வெளியேற வேண்டும். எனவே கல்பாத்தியாரைப் போல் எடுத்துக் காட்ட வீட்டுப் பத்திரம் கிடையாது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் வகுப்பினரை அந்தந்த இராஜ்யத்திற்கென வரையறுத்தது. அந்நாளுக்கு முன்னரே முன்னோர் இங்குக் குடியேறினர் என்று காட்டினாலன்றி, கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெறுவது அரிது. சான்றிதழ் இன்றேல் பிள்ளைகளுக்கு இங்குக் கல்விச் சலுகையும் இல்லை, உத்தியோக ஒதுக்கீடும் இல்லை. பாட்டன் வந்த ஆண்டு, பேத்தியின் படிப்பை நிர்ணயிக்கிறது!

கூட்டத்தில் விரித்து வைத்த வமிசாவளியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள் இருந்தன. மூதாட்டி ஒருவர் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஏய்யா, கொழுந்து எடுத்தது நாங்க. தாள்ல ஒரு பொம்பள பேரையும் காணலியே?” என்றார். யாவரும் வாயடைத்துப் போயினர். பின்னர் அவர் தம் மாமியாரின் பெயரையும், அவர்தம் தாயார் பெயரையும், குலதெய்வக் கோயிலில் பொங்கலிட்ட வரிசைப்படியே சொன்னார். அப்பெயர்களுள் ஒன்று, ஒரு குடும்பத்தார் பேணி வந்த 1940களின் செக்ரோல் நகலில் இருந்தது. பாட்டனாரின் பெயரைத் தேடி அதுகாறும் அந்நகலைப் பயனற்றதென ஒதுக்கியிருந்தனர். இப்போது அதனைத் தாலுகா அலுவலகத்தில் சமர்ப்பிக்க இருக்கின்றனர். முடிவு எதுவாயினும், பாட்டியின் பெயரே அவர்கட்குக் கிடைத்த முதல் சான்று.

கடல் கடந்த தமிழரும் இவ்வாறே காகிதத்தால் அளக்கப்பட்டனர். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டது. தோட்டத் தமிழரில் மிகப் பலர் அதனை நிரூபிக்க இயலாமல் நாடற்றோராயினர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘டுரூரோ’ கப்பலில் நேட்டால் சேர்ந்தோருக்கோ, பெயரும் தந்தை பெயரும் ஊரும் குறித்த பதிவேடு எஞ்சியது. அதனைக் கொண்டே அவர்தம் சந்ததியார் இன்றும் சொந்த ஊரைத் தேடி வருகின்றனர்.

ஆதலின், இவ்விதழ் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சேர்க்கைப் பதிவு, சேமநிதிச் சீட்டு, செக்ரோல் நகல், ஞானஸ்நானப் பதிவு ஆகியன இருப்பின் பத்திரப்படுத்துங்கள். குலதெய்வத்தின் ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். கங்காணி ஓர் ஊராரையே திரட்டி வந்தமையால், அண்டை லயத்தாரின் ஊரும் துப்பாகலாம். எல்லாவற்றிற்கும் முன், வீட்டிலுள்ள மூதாட்டியின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். காகிதம் கரையான் அரித்தாலும் நகல் கிடைக்கலாம். அவர் நினைவிற்கு நகல் கிடையாது.