மூட்டைக்கு ஏற்ற சைக்கிள்

சரளைக்கல் ரோட்டில் ஓடுவதற்கென்றே ஒரு சைக்கிள் தயாராகிறது என்று சொன்னால், "நம் ஊரில் எந்தச் சைக்கிளம்மா சரளைக்கல்லில் ஓடவில்லை?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பால்காரர் சைக்கிளும் தபால்காரர் சைக்கிளும் பார்க்காத கல்லா, மேடா? ஆனாலும் 'கிராவல் பைக்' என்று ஒரு ரகம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில், 2006-ம் வருஷம், 200 மைல் சரளைப் பாதையில் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். அந்த மாதிரிப் பந்தயங்களால் பிரபலமான ரகம் இது. பந்தய சைக்கிளுக்குள்ள வளைந்த ஹாண்டில் பார் இதற்கும் உண்டு. டயர் மட்டும் பருமன். 40 மில்லிமீட்டர், 45, 50 என்று போகும். டிஸ்க் பிரேக், மேடு ஏற லேசான கியர். அப்புறம், சாமான் கட்டுவதற்கென்று உடம்பெங்கும் மரையிட்ட சின்னச் சின்னத் துவாரங்கள்.

என்னை மயக்கியவை அந்தத் துவாரங்கள்தான்.

இப்படிப்பட்ட சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள், பத்து நாள் என்று புறப்பட்டு விடுவதற்கு 'பைக்பேக்கிங்' என்று பெயர். கேரியர் கிடையாது. சைக்கிளின் இடுக்குகளிலேயே பைகளை இறுக்கிக் கட்டிவிடுவதுதான் அதன் சூட்சுமம். ஹாண்டிலின் முன்னால் உருளையாக ஒன்று, நடுவிலே முக்கோணமாக ஒன்று, சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று. அலாஸ்காவைச் சேர்ந்த லேல் வில்காக்ஸ் என்ற பெண்மணி 2024-ல் இப்படித்தான் பைகளைக் கட்டிக்கொண்டு 108 நாட்களில் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தார். 29,000 கிலோமீட்டருக்கு மேல்!

எனக்கு உலகம் வேண்டாம். ஜவ்வாது மலை போதும். வாணியம்பாடியில் ரெயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக மேலே ஏறி, பெரிய தொலைநோக்கி இருக்கிற காவலூரைப் பார்த்துவிட்டு, ஜமுனாமரத்தூரில் தங்கி, மறுநாள் போளூர்ப் பக்கம் இறங்கிவிட வேண்டும் என்று ஆபீஸ் தோழி ஒருத்தியும் நானும் திட்டம் போட்டோம்.

"காவலூர்தானே? காரில் கூட்டிக்கொண்டு போகிறேனே!" என்றார் என் கணவர்.

காரில் போகலாம். அவர் ஓட்டுவார், குழந்தை பின்னால் தூங்குவாள், நான் எல்லோருக்கும் பிஸ்கட் பிரித்துக் கொடுப்பேன். பத்து வருஷமாக நான் பார்த்த ஊர்களெல்லாம் பிஸ்கட் பொட்டலத்துக்கு மேலாக எட்டிப் பார்த்த ஊர்கள்தான். எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. ஒரு மலையையாவது என் காலாலேயே ஏறிப் பார்க்க வேண்டாமா? இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. என் மாமியார்தான் சொன்னார்.

"போய்ட்டு வரட்டும்டா. ஆனா சைக்கிள் வாங்குறதுக்கு முன்னாலே என்னத்தைக் கொண்டு போகப் போறேன்னு மூட்டையைக் கட்டும்மா. சைக்கிளை அப்புறம் பார்த்துக்கலாம்."

மாமியார் புதுக்கோட்டைக்காரர். சைக்கிள் விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஏறின பிறகு பலருக்கு அதுதான் பிடித்தது. சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே பார் இருக்கிறதே, அதிலே குழந்தையை உட்கார வைக்கலாம்! என் மாமியாரும் அப்படித்தான் பின்னால் கேரியரில் குடமும், முன்னால் பாரில் மூன்று வயதுப் பிள்ளையுமாக ஓட்டியவர். அந்தப் பிள்ளைதான் இப்போது எனக்குக் கார் ஓட்டுகிறேன் என்று சொன்ன ஆசாமி.

ஆகவே மூட்டையைக் கட்டினேன். மாற்றுத் துணி, குளிருக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, துண்டு, மருந்து, பெண்களுக்கே உரிய சாமான், டார்ச், சார்ஜர், இரண்டு ட்யூப், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பானர் சாவிகள், ஒரு வேளைக்குப் புளியோதரை. பழைய பேப்பர்க்காரரோடு தகராறு வரக்கூடாதென்று வாங்கி வைத்திருக்கும் கொக்கித் தராசில் மாட்டினால் 11 கிலோ! மாமியார் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "மலையிலே யாரு பார்க்கப் போறா?" என்று இரண்டு சல்வார்கள் போயின. துண்டுக்குப் பதில் மெல்லிய ஈரிழை. இரண்டு தலையணை உறை (இது என் சொந்தப் பலவீனம்) போயிற்று. கடைசியில் 6 கிலோவில் நின்றது. தண்ணீர் 2 லிட்டர் சேர்த்தால் 8 கிலோ. வழியில் லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் இருக்கும் நம் ஊரில், கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். ஆம், மாமியாரும் வந்தார்.

கடைப் பையன் நல்ல மரியாதைக்காரன்தான். ஆனால் எனக்கு ஐந்தடி ஓரங்குலம். அவன் இழுத்துக்கொண்டு வந்தது ஐந்தரை அடி ஆளுக்கான சைக்கிள். "சீட்டை இறக்கிட்டா சரியாயிடும், மேடம்" என்றான். சகோதரிகளே, இந்த வாக்கியத்தை எந்தக் கடையில் கேட்டாலும் அங்கிருந்து ஓர் அடி பின்வாங்குங்கள். சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியுமா? இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரலாவது இடைவெளி வேண்டும். சரளையில் சட்டென்று நிற்க நேர்ந்தால் அந்த நாலு விரல்தான் மானத்தைக் காப்பாற்றும். ஹாண்டில் எட்டவில்லையென்றால் தோளும் கழுத்தும் சாயங்காலத்துக்குள் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும்.

சின்ன அளவில் ஒன்று வரவழைத்துக் காட்டினான். ஏறி உட்கார்ந்ததும் உடம்புக்குப் பொருந்தியது. ஆனால் மெதுவாகப் போகும்போது ஹாண்டிலைத் திருப்பினால், பெடலில் இருக்கும் என் கால் கட்டைவிரல் முன் சக்கரத்தில் இடித்தது. சின்னச் சட்டத்தில் பெரிய சக்கரத்தைப் போட்டால் நேருகிற சங்கடம் இது. இதற்குப் பரிகாரம், '650பி' என்று சொல்கிற சற்றே சிறிய சக்கரம். சில கம்பெனிகள் சின்ன அளவுகளுக்கு இதையே போட்டு அனுப்புகின்றன. அப்படி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துப் பத்து நாள் காத்திருந்து, மறுபடியும் மூட்டையோடு போனோம்.

இப்போதுதான் சைக்கிள் படங்களில் ஒருநாளும் சொல்லாத சங்கதி வெளிவந்தது. சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே அந்தப் பை, அது உயரமான ஆணின் சைக்கிளுக்குத்தான். அவனுடைய சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவே முழங்கை நீளம் இடம் இருக்கிறது. என் சைக்கிளில் ஒரு சாண்கூட இல்லை. பையைக் கட்டி நான் ஏறி உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினால் அது டயரிலே உட்கார்ந்துவிடும். நடு முக்கோணமும் அப்படியே: படத்தில் இருப்பவனுக்கு அது ஒரு பீரோ; எனக்கு அஞ்சறைப் பெட்டி. ஹாண்டில் உருளையும் என் தாழ்ந்த ஹாண்டிலில் பெரிதாகக் கட்டினால் முன் டயரைத் தொடும். ஆக, 'பைக்பேக்கிங்' பைகள் என்று ஒரு செட் வாங்கியிருந்தால் மூன்றில் ஒன்றுகூட எனக்கு முழுசாகப் பயன்பட்டிராது.

"கேரியர் போட்டுடு" என்றார் மாமியார்.

கடைப் பையன் முகம் சுண்டிப் போயிற்று. கிராவல் பைக்குக்குக் கேரியரா? சரளையில் ஆடும், சத்தம் போடும், எடை கூடும் என்றான். அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. குலுங்குகிற பாதையில் கேரியரின் திருகாணிகள் தளரத்தான் செய்யும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை முடுக்க வேண்டும். ஆனால் டெர்வ்லா மர்ஃபி என்ற ஐரிஷ் மாது 1963 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து கிளம்பி, பாரசீகம், ஆப்கானிஸ்தான் எல்லாம் கடந்து அதே வருஷம் ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தது சாதாரண சைக்கிளில்தான், சாமானெல்லாம் பின்னால்தான். (அந்த அம்மாள் ரோடு மோசமாயிருக்குமென்று கியரையே கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அவர் கால் வேறு, என் கால் வேறு, நான் கழற்றுவதாயில்லை.)

கேரியர் போட்டேன். இருபுறமும் பத்துப் பத்து லிட்டர் பிடிக்கும் இரண்டு சின்னப் பைகள். வாயைச் சுருட்டிப் பூட்டுகிற ரகம், தண்ணீர் புகாது. குள்ளமாயிருப்பதில் ஒரே ஒரு லாபமும் கிடைத்தது: பாதம் சின்னதானதால் பெடல் சுற்றும்போது குதிகால் பையில் இடிக்கவில்லை. நடு முக்கோணத்துக்கு மாத்திரம் அட்டையில் அளவு வெட்டி, பாரிமுனையில் பை தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து, மழைத்துணியில் ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டேன். தையல் வழியே நீர் கசியுமாதலால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. கனமான ஸ்பானர், ட்யூப், பம்ப் எல்லாம் அதில். கனம் நடுவிலும் தாழ்விலும் இருந்தால்தான் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்கும். ஹாண்டிலில் மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் மட்டும். இரண்டு பக்கப் பைகளையும் தனித்தனியாகத் தராசில் மாட்டி எடை சமன் செய்தது மாமியாரின் ஏற்பாடு. ஒரு பக்கம் குடம் கனத்தால் சைக்கிள் அந்தப் பக்கமே வீட்டைத் தேடிப் போகும் என்பது அவருடைய அனுபவம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியரில் நான் பார்த்தது ஒன்றுதான்: முன் பல்சக்கரத்தில் சின்னதைவிடப் பின்னால் பெரிய சக்கரத்துக்குப் பல் அதிகமாக இருக்க வேண்டும். என்னுடையதில் முன்னால் 30, பின்னால் 34. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். பழைய ஒற்றைக் கியர் சைக்கிளிலோ இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். மேட்டில் அதுதான் நெஞ்சை அடைக்கும். பிரேக், எண்ணெயில் இயங்குவது கைக்கு மெத்தென்றிருக்கிறது. ஆனாலும் கம்பியில் இயங்குவதையே எடுத்தேன். கம்பி அறுந்தால் தாலுகா ஊரிலும் மாற்றிக் கொள்ளலாம். பிரேக் பிடி என் சின்ன விரல்களுக்கு எட்டும்படி உள்ளே தள்ளி வைக்க ஒரு திருகாணி இருக்கிறது. கடையிலேயே கேட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ட்யூப் இல்லாத டயர்தான் இப்போது நாகரிகம். உள்ளே வெள்ளைப் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பால் சில மாதங்களில் காய்ந்துபோகும். நம் வெயிலில் சீக்கிரமே. மறுபடி ஊற்ற வேண்டும். நான் ட்யூபோடு நிறுத்திக்கொண்டேன். அதிலும் வால்வைக் கவனித்து வாங்கினேன். இந்தச் சைக்கிள்களோடு வருவது மெல்லிய குச்சி மாதிரி ஒரு வால்வு. கிராமத்துப் பம்ப் அதைக் கடிக்காது. மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள ட்யூபாகப் போட்டால், பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். ரிம் துவாரம் அதற்குத் தக்கபடி இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு விலைக்கு ஒரு மணிகூடக் கிடையாதா?"

கிடையாது. மணி கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது. எல்லாம் தனிக் காசு. மறுநாள் அவரே போய் ஒரு பித்தளை மணி வாங்கி வந்து மாட்டினார். மாட்டிவிட்டு, பாரின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இதிலே குழந்தை உட்கார முடியாது போலிருக்கே, சரிவா இருக்கு" என்றார். மாமியார் சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முழு மூட்டையோடு விடியற்காலையில் ஓட்டிப் பழகுகிறேன். காலி சைக்கிளில் பழகிவிட்டு மூட்டையோடு கிளம்பினால் அது வேறு சைக்கிள். தை பிறந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. தோழி இன்னும் தன் மூட்டையைக் கட்டவில்லை. அவள் வீட்டில் தராசு இல்லையாம். எங்கள் கொக்கித் தராசை நேற்றுத்தான் ஆபீஸுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன்.