இரண்டு கேள்வியும் ஒரு வண்டியும்

காலை எட்டரைக்கே வண்டியில் சாமான்கள் ஏறிவிட்டன. புண் கட்டும் துணி, கையுறைகள், சிறுநீர்க் குழாய், பை, பிரஷர் பார்க்கும் கருவி, இயன்முறை மருத்துவரின் தோள்பை. முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இடையே, காவிரியின் வடகரையில் உள்ள ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து புறப்படும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வண்டி அது. நோயாதரவு செவிலியர் முன் சீட்டில் உட்கார்ந்து அன்றைக்குப் போகவேண்டிய வீடுகளின் பட்டியலைப் படித்தார். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய், மறுபடியும் பக்கவாதம். ஒருவரைத் தவிர எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். என்னைக் கூட்டிப்போக அவர் வைத்த நிபந்தனை, யார் பெயரும் எந்த ஊர் பெயரும் எழுத்தில் வரக்கூடாது என்பதுதான்.

முதல் வீடு கோரை காயப்போட்டிருந்த களத்தை ஒட்டி இருந்தது. பெரியவர் வலப்பக்கம் செயலிழந்து படுத்த படுக்கையாகிவிட்டார். முதுகின் அடியில் படுக்கைப்புண். செவிலியர் அதைக் கழுவிக் கட்டி முடிக்க அரை மணிநேரத்துக்கு மேல் ஆனது. அவசரமே படவில்லை. “அப்பா, கொஞ்சம் எரியும், என் கையைப் பிடிச்சுக்குங்க” என்று சொல்லிச் சொல்லிச் செய்தார். பிறகு இயன்முறை மருத்துவர் பெரியவரின் கையை மடக்கி நீட்டி, அதை எப்படித் தினமும் செய்வது என்று அவர் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். அந்த அம்மாவுக்கே எழுபது வயது இருக்கும். புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். மகன்களில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில்.

இந்தச் சேவையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும், படுக்கையில் கிடப்பவருக்குச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அனுப்பவும் ஒரு மாநில அரசு முன்வந்தது சின்ன விஷயமில்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இதற்குக் கிடைத்தபோது, அது இப்படிப் புண் கழுவும் கைகளுக்குக் கிடைத்த விருது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். “எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது சிஸ்டர். ராத்திரி பூரா அழுகையா வருது. இவருக்கு முன்னாடி நான் போயிட்டா இவரை யாரு பார்ப்பா?” செவிலியர் அவர் தோளைத் தொட்டு நின்றார். பிரஷர் பார்த்தார், கொஞ்சம் கூடுதலாக இருந்தது, குறித்துக்கொண்டார். அழுகையைக் குறிக்க அந்த நோட்டில் இடம் இல்லை.

அடுத்த தெருவில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் எங்களுக்காகக் காத்திருந்தார். மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறவர். திட்டம் தொடங்கியபோது இவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய்தான். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இவருக்குத் தெரியும். “பட்டியல்ல இல்லாத வீடு சிஸ்டர், ஒரு எட்டு வந்து பாருங்க” என்று ஓட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு அப்பாயி தனியாக இருக்கிறார். கணவர் இறந்து இரண்டு வருடம். முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் மாதாமாதம் வருகிறது, ரேஷன் அரிசி வருகிறது. சுவரில் மாட்டியிருந்த துணிப்பையைத் தன்னார்வலர் இறக்கிக் காட்டினார். மூன்று மாதம் கொடுத்த சுகர் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

“ஏன் அப்பாயி போடல?”

“போட்டு என்னத்துக்கு?”

கோபமாகவோ அழுதோ சொல்லவில்லை. சந்தைக்கு வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, நேற்றா இன்றைக்கா என்று யோசித்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது “வயசானா அப்படித்தான்” என்றார்கள். முன்பு மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாள் முழுக்கக் குலவை போட்டுக்கொண்டிருந்தவராம். இப்போது திண்ணைக்குக்கூட வருவதில்லை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் முப்பது வயதைக் கடந்தவர்களுக்காக நிரப்பும் சமுதாயப் பரிசோதனைப் படிவத்தில் இதற்கென்றே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? அறுபதைக் கடந்தவர்களிடம் நெருங்கியவர்களின் பெயரோ வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்றும் கேட்கச் சொல்கிறது அந்தப் படிவம். நல்ல கேள்விகள். அந்த அப்பாயி இரண்டுக்கும் ஆமாம் என்பார். அந்த ஆமாமை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். நான் நடந்த தெருக்களில் அந்த ஆள் இல்லை.

2017-18இல் நாடு முழுக்க எடுக்கப்பட்ட முதியோர் நலன் குறித்த ஆய்வில், அறுபதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் இருந்தன. தனக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேர் அந்த ஓட்டு வீட்டில் இருப்பதுபோல யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது இன்னும் கனக்கும். 2021 கணிப்பின்படி இங்கே மக்கள்தொகையில் 13.6 சதவீதம் முதியவர்கள், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள். நம்மைவிட முதியவர்களின் விகிதம் கூடுதலாக இருக்கும் பெரிய மாநிலம் கேரளம் மட்டுமே.

அடுத்த வீட்டில் ஒரு தாத்தா, மனைவி எழுந்து வெளியே போய்விடக் கூடாதென்று கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாழைத்தோப்புக்குப் போகிறார். அந்த அம்மா ஒருமுறை பிறந்த வீட்டைத் தேடிக் கிளம்பி ஆற்றங்கரைவரை போய்விட்டாராம். இது மறதி நோய் என்று எந்த மருத்துவரும் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு வாரம் ஒருநாள் மாவட்டத்திலிருந்து மனநல மருத்துவர் வருகிறார். அந்த நாளில் அங்கேயும் போனேன். தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோன 1990களின் பிற்பகுதியில், தமிழகத்தில் முதலில் தொடங்கிய இடம் திருச்சி மாவட்டம்தான். ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவ உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், செவிலியர்கள் என்று மாவட்டத்துக்கு ஒரு குழு என்பது திட்டத்தின் ஏற்பாடு. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 27 லட்சம்.

வெளிநோயாளர் பிரிவு முன்னால் பெஞ்சு நிரம்பி, சுவரோரமும் ஆட்கள். பெரும்பாலும் பல வருடமாக மாத்திரை வாங்குகிறவர்கள். வலிப்பு, மனச்சிதைவு, குடிநோய். ஒருவருக்குச் சில நிமிடங்கள். மருத்துவர் முகம் பார்த்துத்தான் பேசினார், ஆனால் கதவருகே அடுத்தவர் எப்போதும் நின்றுகொண்டிருந்தார். தலைநரைத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டேன்.

“சத்தம் போட்டா, வீட்டை விட்டுப் போயிட்டா கூட்டிட்டு வருவாங்க. பேசாம மூலையில படுத்துட்டா யார் கூட்டிட்டு வருவா? கூட வர்றவருக்கும் ஒருநாள் கூலி போகுது.”

தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் 14416 எண் 2022 அக்டோபரில் வந்தது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். தேர்வு பயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது உதவும். தனக்கு நோய் என்றே நினைக்காத, காது மங்கிய ஒருவர் அந்த எண்ணை எப்படி அழைப்பார்? சென்னை கிண்டியில் 2024இல் திறந்த 200 படுக்கை தேசிய முதியோர் மருத்துவ மையமும் அவசியமானதுதான். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு 1978லேயே வழிகாட்டிய சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் தொடர்ச்சி அது. ஆனால் தொட்டியத்திலிருந்து அது ஓர் இரவுப் பயணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்கவேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 31: சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுக்குள், மனநலப் பணியாளர் எண்ணிக்கை பன்னாட்டு அளவுகோலை எட்ட அரசுகள் முயலவேண்டும். நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே மாதத்தோடு முடிகிறது. ஒரு லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்கள் தேவை என்று பேசப்படும் நாட்டில், 0.75 பேர்தான் இருக்கிறார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. எம்.டி. படித்து வர ஆண்டுகள் பல ஆகும். கெடுவுக்குள் அது நடக்காது.

ஆனால் அந்த வண்டியில் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு மனநலச் சமூகப் பணியாளரையோ மனநலப் பயிற்சி பெற்ற செவிலியரையோ நியமித்து, நோயாதரவு செவிலியரோடு அனுப்பவேண்டும். ஒப்பந்தத்தில் வைத்து ஆண்டுதோறும் அலையவிடாமல் நிரந்தரப் பணியிடமாகத் தரவேண்டும். முதியவர்கள் புதியவர்களிடம் சட்டென்று வாய் திறப்பதில்லை. முகம் பழகவே மாதங்கள் ஆகும். அடிக்கடி ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மருத்துவரும் இதையேதான் கேட்டார். “எனக்கு ஒவ்வொரு ஊருக்கும் டாக்டர் வேண்டாம் சார். பார்த்துட்டு எனக்கு விவரம் சொல்ல, மாத்திரை போடுறாங்களான்னு திரும்பப் போய்ப் பார்க்க ஒரு ஆள் கொடுங்க, போதும்.” நான் அந்த அப்பாயியின் மாத்திரைப் பையைப் பற்றிச் சொன்னதும் செவிலியரின் எண்ணை வாங்கி அங்கேயே அழைத்தார். வண்டி அந்தப் பக்கம் அடுத்து என்றைக்குப் போகும் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றார் செவிலியர். “அன்னிக்குப் பதினோரு மணிக்கு வீடியோ கால் போடுங்க, நான் அவங்ககிட்ட பேசிப் பார்க்கிறேன். ரத்தத்துல சுகரும் தைராய்டும் அதுக்கு முன்னாடி எடுத்துடுங்க” என்றார். இந்த ஏற்பாட்டை எந்த அரசாணையும் அவர்களிடம் கேட்கவில்லை. இருவரும் தங்கள் வேலைக்கு மேல் இதைச் சேர்த்துக்கொண்டார்கள்.