முடிவெட்டிய பின் ஒரு முழுக்கு

தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். கத்தரித்த தலையைப் பேணுவதற்கோ அடுத்த முறை அந்நாற்காலியில் அமரும் வரையுள்ள நாட்கள் யாவும் வேண்டும். ஆயினும் முன்னதற்குச் செலவிடும் சிந்தனையிற் பத்திலொரு பங்கைக்கூடப் பின்னதற்கு நாம் செலவிடுவதில்லை. எந்த நடிகரின் பாணியில் வெட்டுவது என்று பல நாள் ஆராயும் எம் மாணவர், வெட்டிய அன்று மாலையில் தலைக்கும் பிடரிக்கும் செய்ய வேண்டியது யாதென்று கேட்பதில்லை. ஆதலின் இச்சிறு பொருளைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

முதலில் ஓர் உண்மை. தலைக்கு வெளியே நாம் காணும் மயிர் உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை அது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேரே. வெளியில் இழையை வெட்டுவதை வேர் அறியாது. அடிக்கடி வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று வீட்டுக்கு வீடு சொல்வது பொருந்தாது. சவரம் செய்வதால் மயிரின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் துரொட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து காட்டினார். வெட்டிய இழையின் நுனி கூர்மையிழந்து மழுங்கிவிடுதலின் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் வளரும். ஆகவே வெட்டிய பின் நாம் பேண வேண்டியது முதலில் தோலை. அதன் பின்னரே மயிரை.

தோலுக்குச் செய்யும் முதல் உதவி குளிப்பு. இது நம் வீடுகளுக்குப் புதிதன்று. முடிவெட்டி வந்தவன் பின்வளவு வழியே நேரே கிணற்றடிக்குச் செல்ல வேண்டும். தலை முழுகிய பின்னரே வீட்டினுள் கால் வைக்கலாம். எம் இளமையிலும் இவ்விதி தவறாது நடந்தது. காரணம் கேட்டால் "தீட்டு" என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். அச்சொல்லின் பின்னால் நீண்டதொரு கதை உண்டு. முடிவெட்டும் தொழிலாளர் வீடு தேடி வந்து வளவு மரநிழலிலே வேலை செய்த காலத்தில், அவர் கை நம் தலையைத் தொடலாம். அவர் கால் நம் திண்ணையை மிதிக்கலாகாது. சாதியின் பெயரால் ஒருவரை இவ்வாறு ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. சட்டம் வந்தும் சொல் உடனே மறைந்துவிடவில்லை.

சில மாதங்களின் முன் எம் வகுப்பு மாணவனொருவன் பிடரியைச் சொறிந்த வண்ணமே பாடங் கேட்டுக்கொண்டிருந்தான். அருகிற் சென்று பார்த்தோம். மயிரெல்லை நெடுகச் சிவந்த பருக்கள். சிலவற்றிற் சீழும் கட்டியிருந்தது. விசாரித்தபோது, "வெட்டின கையோடை ஜெல் பூசிக்கொண்டு கூட்டாளியின்ரை பிறந்தநாளுக்குப் போனனான், சேர். குளிக்கேல்லை. அது பழைய ஆக்களின்ரை தீட்டுக் கதையெண்டு விட்டிட்டன்" என்றான். மருத்துவர் தந்த களிம்பினால் ஒரு வாரத்திற் குணமாயிற்று. தீட்டை நம்பாத அவன் நெஞ்சை நாம் பாராட்டினோம். ஆனால் பொய்யான காரணத்தைத் தள்ளியவன், அதனோடு கட்டுண்டிருந்த நல்ல பழக்கத்தையும் சேர்த்தே தள்ளிவிட்டான்.

அப்பழக்கத்துக்குரிய மெய்யான காரணங்கள் எளியவை. வெட்டுத் துண்டுகள் நுண்ணியவை, முனை கூரியவை. வியர்வையில் ஒட்டிக் கழுத்தையும் முதுகையும் உறுத்தும். தலையணையிற் சேர்ந்து கண்ணுக்குள்ளும் போகும். கத்தி பட்ட பிடரியிலே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். சொறியுந்தோறும் நகத்தின் அழுக்கும் கிருமியும் அவற்றில் இறங்கும். சுருள்மயிர் உடையோர்க்கு ஒட்டச் சிரைத்த மயிர் வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே முளைத்துப் பருவாவதும் உண்டு. ஆகவே வீடு வந்ததும் மென்மையான சவர்க்காரமிட்டுத் தலையையும் கழுத்தையும் கழுவி, தோய்த்துலர்ந்த துவாயினால் அழுத்தித் தேய்க்காது ஒற்றியெடுத்தல் வேண்டும். அன்று ஜெல், வாசனைத் திரவியம், தேசிக்காய்ச் சாறு எதுவும் பிடரியிற் படாதிருத்தல் நன்று.

நாற்காலியில் இருக்கும்போதே கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாட்களேனும் தொற்றும் வலிமையோடு இருக்க வல்லது. குருதி பட்ட கத்தியினாற் பரவக் கூடியது. ஆதலின் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் மாற்றப்பட வேண்டும். பலர் முகத்திலே தேய்த்த சீனாக்காரக் கட்டியும் நமக்கு வேண்டா. "அண்ணை, புது பிளேட் ஒண்டு போடுங்கோ" என்று பணிவாய்க் கேட்டால், தொழிலறிந்த எவரும் முகஞ்சுளியார்.

இனி மயிருக்கு வருவோம். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றின் நீர் சுண்ணக் கல்லினூடாக ஊறி வருவதால் வன்னீராகும். வன்னீரிற் சவர்க்காரம் நுரையாது. வெண்படிவாய் மயிரில் ஒட்டி அதைச் சொரசொரப்பாக்கும். நம் பாட்டிமார் சீயாக்காயும் பயறும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்தரைத்த அரப்பினால் தலை முழுகியது இந்நீருக்கு ஏற்றதாயிருந்தது. இக்காலத்து ஷாம்புவும் வன்னீரில் நுரைக்கும், சிறிதளவே போதும். நனைந்த மயிர் இழுபட்டு எளிதில் அறும். ஆதலின் ஈரத்தோடு இறுக்கிப் பின்னாது, அகன்ற பற்களையுடைய சீப்பினால் நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும்.

எண்ணெய் பழைமை என்று சிலர் நகைப்பர். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கழுவும்போது மயிர் இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டனர். குளிப்பதற்குச் சற்று முன் ஒரு தேக்கரண்டியளவு மயிரிலே தடவினாற் போதும். பொடுகுள்ளவர் மட்டும் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடலாகாது. பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டே பெருகும். அவர்க்குக் கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவே தக்கது.

உயர்தர வகுப்பிற் படிக்கும் எம் மகள் இடைவரை நீண்ட கூந்தலைச் சென்ற ஆண்டு தோளளவாகக் கத்தரித்து வந்தாள். அவளுடைய அப்பம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கூந்தல் போனதே துயரம் என்று முதலில் எண்ணினோம். மூன்றாம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இனி உனக்கு என்ரை கை தேவையில்லைத்தானே?" என்று முதியவள் கேட்டபோதே உண்மை விளங்கிற்று. மகள் மறுமொழி சொல்லாமல் அவர் முன்னே சென்று அமர்ந்தாள். வெள்ளிதோறும் அந்த எண்ணெய் முழுக்கு இன்றும் நடக்கிறது. முன்னை விடக் குறைந்த எண்ணெய், முன்னை விட நீண்ட பேச்சு.

பிளந்த நுனியை எந்த மருந்தும் ஒட்டாது, வெட்டுவதே வழி. ஆகவே நாம் யாவரும் மீண்டும் அந்நாற்காலிக்குச் செல்லத்தான் போகிறோம். செல்லும் பிள்ளைக்கு வீட்டார் சொல்லியனுப்ப வேண்டியவை இரண்டு. வெட்டியவருக்குக் காசோடு ஒரு நன்றியும் கொடுத்துவிட்டு வா, வந்ததும் குளி. ஏனென்று கேட்டால், கழுத்திலே துண்டுமயிர் குத்தும் என்று சொல்லுங்கள். வேறு காரணம் வேண்டியதில்லை.